போகலாமா சார்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் இழுப்பேன் என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்த செட். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக சி.என்.சி. மிஷின் செட்டர். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற இடம். ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, இப்போது முதலாளி மிஷின்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறார். புனேவுக்குப் பக்கத்தில் சாக்கனில் இருக்கிற மச்சான், "இங்கே வந்துடு, நான் பார்த்துக்கறேன்" என்று தினமும் போன் செய்கிறானாம். பெண் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது.

காபி ஆறிப்போகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே "போகலாமா சார்?" என்றான்.

நான் சரித்திர வாத்தியார், ஜோசியர் இல்லை. அதனால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. இந்தக் கேள்வியை இந்த மண்ணில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், யாரிடம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் என்றால் நமக்கு எஸ்டேட், ஆவடி என்றால் டாங்கி ஃபாக்டரி, பூந்தமல்லி என்றால் நெரிசல். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இவை மூன்றுமே செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசனக் கிராமங்கள். செம்பரம்பாக்கம் ஏரியும் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான சின்ன ஏரிகளும் நிறைந்தால் நெல். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் ஒன்றுமில்லை. நிலம் மிராசுதாரர்களிடம். உழுதவர்கள் பெரும்பாலும் படியாட்கள். தானியமாகக் கூலி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன், அந்தக் கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை. அவர்கள் குடிசை போட்டிருந்த மனைகூட அவர்களுடையது இல்லை. எதிர்த்துப் பேசினால் மனையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இதையெல்லாம் எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892-ல் வந்த உத்தரவுதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதற்கு மூலம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "சொந்த ஊரை விட்டுப் போனார்களே" என்று உருகுகிறவர்கள், அந்தச் சொந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தமாக என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் அந்தத் தண்டவாளம். அடுத்த நான்கே வருஷத்தில், 1860 அக்டோபரில், ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் விடவேண்டும். கடலையே பார்த்திராத ஜனங்கள். அந்தக் கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கியது 342 பேரை. அதன் பிறகு 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக.

அவர்களுடைய கப்பல் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. செங்கல்பட்டு ஜில்லாவும் வட ஆற்காடு ஜில்லாவும் அதில் திரும்பத் திரும்ப வரும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் கிராமத்தின் பெயர்கள் உருத்தெரியாமல் போயிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்தாம் தலைமுறைப் பேரன்கள் இன்றைக்கும் இங்கே வந்து ஊரைத் தேடுகிறார்கள்.

ஒப்பந்தம் என்ன? ஐந்து வருஷம் வேலை. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் ரேஷன். பத்து வருஷம் அந்த நாட்டில் இருந்துவிட்டால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் பளிச்சென்று தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வேலையை விட்டு நின்றால் அது குற்றம்; ஜெயில். நம் கம்பெனிகளில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறோமே, அந்த வசதி கிடையாது. 1894-ல் பாலசுந்தரம் என்கிற தமிழ்த் தொழிலாளி முன்பல் உடைந்து, ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியின் அறைக்குள் வந்து நின்ற கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காந்தியால் அந்த முதலாளியிடமிருந்து அவரை முழுசாக விடுவிக்க முடியவில்லை. ஒப்பந்தத்தை வேறொரு முதலாளி பெயருக்கு மாற்றத்தான் முடிந்தது. சட்டம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

பாடப்புத்தகத்தில் இல்லாத, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இந்தக் கதையில் உண்டு. 1866-ல் நேட்டாலிலேயே பொருளாதாரம் படுத்துவிட்டது. ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1871-ல் முதல் தொகுதி ஆட்கள் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. அடி, சம்பளப் பிடித்தம், சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று அதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். இந்திய அரசாங்கம் அதைக் கேட்டுக்கொண்டு, நேட்டால் தன் நடைமுறையைத் திருத்தாமல் இனி ஒரு ஆளையும் அனுப்ப முடியாது என்றது. நேட்டாலில் 1872-ல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். சில திருத்தங்கள் செய்த பிறகுதான், 1874-ல், கப்பல் மறுபடி ஓடியது. எழுதப்படிக்கத் தெரியாத ஏழைகள், தாங்கள் பட்டதைத் திரும்பி வந்து வாயால் சொன்னதற்கு ஒரு சாம்ராஜ்யம் மூன்று வருஷம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் திருத்தங்கள் எவ்வளவு தூரம் நின்றன என்பது வேறு விஷயம். ஏனென்றால் இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது.

1876-ல் மழை பொய்த்தது. செங்கல்பட்டு ஜில்லா ஏரிகள் வறண்டன. அடுத்த இரண்டு வருஷத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1877 ஜனவரியில் நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்ட் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்ட் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இதில் உயிர் நிற்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பக்கிங்ஹாம் கால்வாயின் கூவம், அடையாறு இணைப்பு அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டியதுதான். இப்போது அதன் மேல் பறக்கும் ரயிலில் போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

அந்த வருஷத்தில் "போகலாமா?" என்று யார் யாரைக் கேட்டிருப்பார்கள்? ஆள்பிடிக்கிற ஏஜெண்ட் வந்து அரிசிச் சோறு, சம்பளம் என்கிறான். இந்தப் பக்கம் ஒரு பவுண்ட் தானியம். அதைத் தேர்வு என்று சொல்லவே எனக்கு நா கூசுகிறது. ஆனாலும் ஒன்று கவனித்தேன். பசித்தவர்கள் எல்லோருமே கப்பல் ஏறிவிடவில்லை. கிராமத்தில் ஏற்கெனவே ஒருவன் மொரிஷியஸுக்கோ பர்மாவுக்கோ போயிருந்தால், அங்கிருந்து பத்து பேர் போனார்கள். யாருமே போகாத ஊரில் வீட்டு வாசலிலேயே செத்தார்கள். மச்சான் கூப்பிடுகிற கதை அன்றைக்கும் இருந்தது.

திரும்பும் கப்பல் என்ன ஆயிற்று? 1895-ல் நேட்டால் சட்டசபை ஒரு வரி போட்டது. ஒப்பந்தம் முடிந்தவன் ஒன்று மறு ஒப்பந்தம் எழுதவேண்டும், இல்லை ஊர் திரும்பவேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுண்ட். 3 பவுண்ட் என்றால் 60 ஷில்லிங்; ஒப்பந்தத்தின் முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதம். பதின்மூன்று வயதான பெண்ணுக்கும் அந்த வரி உண்டு. 1913-ல் சுரங்கத்திலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஜெயிலுக்குப் போய், அதற்கடுத்த வருஷம்தான் அதை ஒழித்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பியவர்கள் கதை இன்னும் மோசம். 1927 கேப்டவுன் ஒப்பந்தப்படி, ஊருக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்ட் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே வந்து பார்த்தால் நிலம் இல்லை, சாதிசனம் சேர்த்துக்கொள்ளவில்லை, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒன்றும் புரியவில்லை. பலர் சென்னையின் குடிசைப்பகுதிகளிலேயே தங்கிவிட்டார்கள். பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-ல் இவர்கள் பட்ட பாட்டை விசாரித்து அறிக்கையே வெளியிட்டார்கள். கப்பல் டிக்கெட் இருந்தது. வந்து இறங்க ஊர்தான் இல்லை.

இனி என் வீட்டுக் கதை. உறவுக்காரர்களுக்கு இதில் பாதி தெரியும், மீதியை இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் குடியாத்தம். கைத்தறி. 1965-ல் நூல் விலை ஏறி, நெய்த லுங்கி தேங்கி, வீட்டில் தறி நின்றுவிட்டது. பெரியப்பா ஏழு வருஷம் முன்பே கோலார் தங்க வயலுக்குப் போயிருந்தார். வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தங்க வயல் ஒன்றும் தூரதேசம் இல்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் ஆரம்பித்ததிலிருந்து நம் ஆட்கள்தான் இறங்கி வெட்டினார்கள். ஆனால் மாநிலம் மைசூர். பெரியப்பா, "ஒரு வார்த்தை சொன்னால் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கிளம்பி வா" என்று கடிதம் போட்டார்.

குடியாத்தம் ஸ்டேஷனில் மேற்கே போகிற வண்டி ஏறினால் பங்காருப்பேட்டை, கிழக்கே போகிற வண்டி ஏறினால் சென்னை. அப்பா கிழக்கு வண்டியில் ஏறினார். ஏன் என்று நான் காலேஜ் படிக்கும்போது கேட்டேன். எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவராம். கல் தூசி நுரையீரலில் படிந்து ராத்திரி முழுக்க இருமுவாராம். "உங்க பெரியப்பா லெட்டர் மாசத்துக்கு ஒண்ணுதான் வந்துச்சு, அந்த இருமல் தினமும் கேட்டுச்சு" என்றார் அப்பா.

சென்னையில் எங்கே போவது? ஆவடியில் 1961-லிருந்து டாங்கித் தொழிற்சாலை. பாடியில், அம்பத்தூரில் கம்பெனிகள். 1964-ல் ஆரம்பித்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷெட்டுக்கு ஷெட் ஆள் தேவை. அப்பா ஒரு கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். கள்ளிக்குப்பத்தில் ஓலை வீடு. எனக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருஷமே ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், வறட்சி, இன்ஜினியரிங் கம்பெனிகளில் வேலை இல்லை. மாதத்தில் பதினைந்து நாள்தான் ஷிப்ட். அம்மா பெரியப்பாவின் கடிதத்தை எடுத்து அப்பா முன்னால் வைப்பாராம், ஒரு வார்த்தை பேசாமல்.

அப்பா எடுத்த முடிவு சரி என்று கதையை முடித்தால் நன்றாக இருக்கும். சரித்திரம் அப்படி ஒத்துழைக்காது. அடுத்த இருபது வருஷம் பெரியப்பா வீடு எங்களைவிட நன்றாகத்தான் இருந்தது. அவர்களுக்குக் கரண்ட், குழாய்த் தண்ணீர், கம்பெனி ஆஸ்பத்திரி. அண்ணன் இங்கிலீஷில் பேசுவான். நாங்கள் மழைக்காலத்தில் கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தோம். எண்பதுகளில் அப்பாவின் கம்பெனியை மூடியபோது செட்டில்மெண்ட் பணம் கைக்கு வர ஒன்பது வருஷம் ஆயிற்று. கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். பெங்களூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன், பஸ்ஸில் தமிழில் வாயே திறக்காமல் வீடு வந்து சேர்ந்ததைப் பல வருஷம் கழித்துச் சொன்னான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். பெரியப்பா அதற்குள் ரிட்டையர் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸ் சொந்தமில்லை. குடியாத்தத்து வீட்டுப் பாகத்தை அண்ணன் படிப்புக்காக எப்போதோ விற்றுவிட்டார். "திரும்பி வரேன்னா எங்கேடா வர்றது?" என்று என்னிடம் கேட்டார். பேரப்பிள்ளைகள் இன்றும் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

1965-ல் அந்த ஸ்டேஷனில் நின்று இதில் எதையாவது யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா? எதிர்வீட்டுத் தாத்தாவின் இருமல் சொன்னதும் பாதி உண்மைதான். திரும்பி வருகிறவர்களில் தோற்றவர்கள் அதிகம் இருப்பார்கள். நன்றாக இருப்பவன் அங்கேயே தங்கிவிடுவான். நேட்டாலில் தங்கியவர்கள் எத்தனையோ பேர் காய்கறித் தோட்டம் போட்டு, பிள்ளைகளை வக்கீலாக, டாக்டராக ஆக்கினார்கள். செங்கல்பட்டுப் படியாளாகவே இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலையில் நின்று பாருங்கள். ஒடியா, போஜ்புரி, வங்காளி எல்லாம் காதில் விழும். அந்தப் பையன்களும் "போகலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள்தான். 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ஒரிசாவின் தாதன் கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்து வந்த சட்டம். காண்டிராக்டர் போக வரப் பயணச் செலவு தரவேண்டும், இடப்பெயர்ச்சிப் படி தரவேண்டும் என்று அதில் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தத் திரும்பும் செலவை எத்தனை காண்டிராக்டர் கொடுத்தார்? மே 1 அன்று ஷ்ராமிக் ரயில் விடும்வரை, அதற்குப் பிறகும்கூட, ஜனங்கள் ரோட்டில் நடந்தார்கள். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற பையன்களின் முகத்தில் நான் பார்த்தது, 1991-ல் பஸ்ஸில் வாய்மூடி வந்த என் அண்ணன் முகத்தைத்தான்.

சரி, தம்பி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ நேட்டால் கூலி இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் திரும்பலாம், யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள். சம்பளக் கணக்கை நீ என்னைவிட நன்றாகப் போட்டிருப்பாய். நான் கேட்க நினைப்பது வேறு. வேலை கம்பெனி ரோலிலா, காண்டிராக்டிலா? காண்டிராக்ட் என்றால், அந்தக் காண்டிராக்டருக்கு உன் மச்சான் முன்பணம் ஏதும் கொடுத்திருக்கிறானா? அதற்கு நீ கடன்பட்டவனாகப் போகிறாயா? பெண் பிளஸ் டூ முடிக்கும்வரை குடும்பம் இங்கே, நீ மட்டும் அங்கே என்றால் இரண்டு வாடகை தாங்குமா? முக்கியமாக, பருத்திப்பட்டில் நீ கட்டிய அந்த ஒன்றரை சென்ட் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று சொன்னாயே, அது என் காதில் விழுந்தபோது பெரியப்பா முகம் வந்து நின்றது. போவதானால் போ. அதை மட்டும் விற்காதே. வாடகைக்கு விடு.

இன்னொன்று. அங்கே இருக்கிற மச்சானிடம் மட்டும் கேட்டிருக்கிறாய். உனக்கு இரண்டு செட் சீனியர் ஒருவன், அவனும் என் மாணவன், சாக்கனில் நான்கு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது திருமுல்லைவாயலில் சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறான். ஏன் போனான், ஏன் வந்தான் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நேற்று போன் செய்து பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறான். நீயும் வா, உன் சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு வா. மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஆஃபர் லெட்டரை மறக்காமல் பிரிண்ட் எடுத்து வா. சின்ன எழுத்தைப் போனில் படிக்க எனக்குக் கண் ஒத்துழைப்பதில்லை.